ஒண்ணு இடிக்குதுங்க

நான் எடுத்த படத்தைக் கையில் வாங்கியதும் அந்த அக்கா அதைத் தலைகீழாகத் திருப்பினார். நான் அவசரமாக, "இப்படிப் பாக்கணுங்க அக்கா" என்று நேராக்கப் போனேன்.

"தெரியுதுங்க தம்பி. தலைகீழாப் பாத்தா மூஞ்சி தெரியாது. வெளிச்சம் எங்க நிக்குதுன்னு மட்டும் தெரியும்."

அப்படியே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நேராக்கினார். பனியன் வேஸ்ட் குடோனில், வெட்டித் தள்ளிய துணித் துண்டுகளின் குவியலுக்கு நடுவே உட்கார்ந்து நிறம் பிரிக்கும் ஒரு பெரியவரின் படம் அது. முகநூலில் போட்டு ஏகப்பட்ட பாராட்டு வாங்கியிருந்தேன். அந்தத் தெம்பில்தான் அதைப் பெரிதாக அச்சுப்போட்டுக் கொண்டு போயிருந்தேன்.

"ஒண்ணு இடிக்குதுங்க" என்றார் அக்கா.

"என்னங்க அக்கா?"

"இவரு கண்ணு. உங்களையேதான் பாக்குது. இந்தாளு எப்பப் போவான், நாம எப்ப நம்ம சோலியப் பாக்கறதுன்னு பாக்குது. எடுக்கறதுக்கு முந்தி அவருகிட்ட ஒரு வார்த்தை பேசுனீங்களா?"

"இல்லீங்க."

"அதானுங்க."

அவ்வளவுதான். படத்தை என் முன்னால் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்துக்கொண்டார். எனக்குப் பொக்கென்று ஆகிவிட்டது. வீட்டுக்குப் போய் அந்தப் படத்தை மறுபடி பார்த்தேன். பெரியவரின் கண் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு அந்தப் படத்தை வேறு எப்படியும் என்னால் பார்க்க முடிந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடுவோம். அனுப்பர்பாளையத்தில் ஒரு மாடியில் இருந்த செந்திலண்ணனின் பிரிண்டிங் பட்டறைதான் இடம். மற்ற நாட்களில் பனியன் துண்டுகளை வரிசையாக ஒட்டி வைத்துச் சாயம் இழுக்கும் நீளமான மேசைகள் அன்றைக்குச் சும்மா கிடக்கும். செய்தித்தாளை விரித்து அதன்மேல் படங்களைப் பரப்புவோம். சாய வாடையிலேயே டீ குடிப்போம். யாருக்கும் படம் எடுப்பது தொழில் கிடையாது. நான் எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். ஜெபராஜ் என்று ஒரு தம்பி, தூத்துக்குடியிலிருந்து வந்து இங்கே ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தான். கல்லூரியில் பொருளாதாரம் நடத்தும் ஒரு மேடம் வருவார். இன்னும் இரண்டு மூன்று பேர்.

அக்காவுக்கு அப்போது ஐம்பதை நெருங்கும் வயது. பல்லடத்தை ஒட்டிய ஒரு கிராமத்தில் வீடு. வீட்டுக்காரர் வீட்டை ஒட்டிய குடோனில் நாலைந்து விசைத்தறி ஓட்டினார். அக்கா திருப்பூரில் ஒரு கம்பெனியின் சாம்பிள் பிரிவில் இருந்தார். தைத்த சாம்பிளைச் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கு அனுப்புமுன் படம் எடுத்து மெயிலில் போடுவது அவர் வேலைகளில் ஒன்று. கம்பெனி கேமராவில் டீ சர்ட்டின் காலரையும் தையலையும் எடுத்து எடுத்துத்தான் அவருக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. பையரிடமிருந்து பதில் வரும். கழுத்து சரியில்லை, கை நீளம், நிறம் மங்கல் என்று வரிசையாக இருக்கும். அதற்கு கம்பெனிகளில் 'கமெண்ட்' என்று பெயர். வருஷக்கணக்காக கமெண்ட் வாங்கியே பழகிவிட்டதால் குறை சொல்வதை அவர் ஒரு தப்பாகவே நினைத்ததில்லை. சொன்னால் கோபித்துக்கொள்பவர்களைப் பார்த்து நிஜமாகவே ஆச்சரியப்படுவார்.

கோபித்துக்கொண்டவர்கள் உண்டு. செந்திலண்ணன் ஒரு காலத்தில் வாரம் தவறாமல் சூரிய அஸ்தமனம் கொண்டு வருவார். "அண்ணா, சூரியன் மேல உங்களுக்கு என்னங்க கோவம்? வாராவாரம் கொண்டாந்து முழுக வெக்கிறீங்க" என்று அக்கா கேட்டதில் அவர் ஒரு மாதம் பேசாமல் இருந்தார். பட்டறையைத் திறந்துவிட்டு, டீயும் வாங்கிக் கொடுத்துவிட்டு, பேசாமல் இருந்தார்.

தன் படத்துக்குக் குறை கேட்கும்போது அக்கா வேறு ஆளாகிவிடுவார். படம் கொண்டுவந்தவர், எல்லோரும் பேசி முடிக்கும்வரை வாய் திறக்கக் கூடாது என்று எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. அதைக் கொண்டுவந்ததே அவர்தான். "படத்துல இல்லாதத வாயில சொல்லி என்னங்க ஆவப் போகுது?" என்பார். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, வகுப்பில் உட்கார்ந்த பிள்ளை மாதிரி கேட்பார். ஒரு முறை தறிக்குடோன் படம் ஒன்றில் வெளிச்சம் மிஞ்சி ஜன்னல் வெள்ளையாக வெந்துபோயிருக்கிறது என்று சொன்னேன். அடுத்த வாரம் அதே தறியை மேகமூட்டத்தில் எடுத்து வந்தார். இப்போது தறி இருட்டாகிவிட்டது என்றேன். அதற்கடுத்த வாரம் ஜன்னலுக்கு நூல்சாக்கைக் கட்டி எடுத்து வந்தார். சரி என்று நாங்கள் விடும்வரை அந்தத் தறி வந்துகொண்டே இருந்தது.

சில ஞாயிறுகளில் அவர் மகன் வண்டியில் வந்து கூட்டிப் போவான். நிட்டிங் கம்பெனியில் வேலை. இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். மேலே வரமாட்டான். கீழே நின்று ஹாரன் அடிப்பான். ஒரு நாள் நான் முதலில் இறங்கிப் போனபோது, "அண்ணா, எங்கம்மா வாயில 'நல்லா இருக்குது'ன்னு பேரு வாங்குன ஆளு மேல யாராச்சும் இருந்தாச் சொல்லுங்க. வந்து கும்பிட்டுக்கறேன்" என்றான்.

"யாருமில்லீங்க தம்பி."

"அப்ப நா மட்டுமில்லீங்களா" என்று சிரித்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து திரும்பும்போது பல்லடம் ரோட்டில் அவன் வண்டி லாரியில் மோதியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியிலேயே போய்விட்டான்.

நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். ஊர் முகப்பிலேயே கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் கட்டியிருந்தார்கள். சொந்தபந்தம், ஒறம்பரையில் யாரோ அவசரமாக ஏற்பாடு செய்தது. லைசென்ஸில் இருந்த முகத்தை எடுத்து, வெளுக்க வைத்து, கோட்டும் டையும் போட்ட யாருடைய உடம்பிலோ ஒட்டியிருந்தது. பின்னால் மேகம், இரண்டு பக்கமும் புறா. வருஷக்கணக்காக அவனைப் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒருத்தி வீட்டுக்குள் இருக்கிறாள். அவளிடம் ஒரு படம் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அந்த நேரத்தில் எப்படிக் கேட்பது என்றும் இருந்திருக்கலாம்.

அக்கா பெண்களுக்கு நடுவே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அழவில்லை. என்னைப் பார்த்ததும் கை காட்டிக் கூப்பிட்டார். பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

"வெளிய பிளக்ஸ் பாத்தீங்களா தம்பி?"

"பாத்தேனுங்க அக்கா."

"கழுத்து இடிக்குதுங்க. அது அவன் கழுத்தில்ல. அவன் கோட்டே போட்டதில்லீங்க."

பக்கத்தில் இருந்த பெண் ஒருத்தி, "பாவம், புத்தி பேதலிச்சுப் போச்சு" என்று சொல்லி வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெளியே வந்து மறுபடி பார்த்தேன். கழுத்து, அவர் சொன்ன மாதிரிதான், யாருடையதோ.

அதற்குப் பிறகு பல மாதங்கள் அக்கா வரவில்லை. வேலையையும் விட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டோம். நாங்களும் கூடுவதைக் குறைத்துக்கொண்டோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆடிக்காற்று பட்டறையின் தகரத்தைத் தடதடவென்று ஆட்டிக்கொண்டிருந்தபோது, கையில் ஒரு பழுப்பு உறையோடு மேலே ஏறி வந்தார். நன்றாக இளைத்திருந்தார். "வாங்க அக்கா" என்றதற்குத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, உறையிலிருந்து ஒரு படத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

மகனின் படம். தறிக்குடோனுக்குப் பின்னால் வண்டி கழுவிக்கொண்டிருக்கிறான். 'எடுக்காதே' என்பதுபோல் ஒரு கையைக் கேமராவை நோக்கி நீட்டுகிறான்.

வழக்கப்படி அக்கா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். படம் கை மாறியது. செந்திலண்ணன் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேடம், "ரொம்ப அருமையான படங்க" என்றார். ஜெபராஜ், "நல்லாருக்குக்கா. ரொம்ப நல்லாருக்கு" என்றான்.

அக்கா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார்.

"நல்லா இருக்குதுன்னு சொல்லாதீங்க. எழவு கேட்டாச்சுங்க. எல்லாரும் ஊடு தேடி வந்து கேட்டுட்டீங்க, அது போதும். இது படம். படத்தைப் பாருங்க."

அக்கா என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க சொல்லுங்க."

படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன். அவன் முகத்தைப் பார்க்காமல் இருக்க அது உதவியது.

"கை ஓரத்துல வெட்டுப்பட்டிருக்குதுங்க அக்கா. விரல் ரெண்டு படத்துக்குள்ள வரலை."

"அப்பறம்?"

"பின்னாடி அந்த ஆரஞ்சு பக்கெட்டு. கண்ணு அவன் மேல நிக்காம அதுக்கே போகுதுங்க."

"நானும் அதத்தானுங்க சொன்னேன்" என்றார் அக்கா. அவர் கொண்டுவந்த ஏற்பாட்டை அவரே மீறியது அதுதான் முதல் தடவை. "பக்கெட்ட எடுத்து அக்கட்ட வைடான்னு சொன்னேன். 'அப்ப வண்டிய எதுல கழுவறது, உன்ற கேமராவுலயா'ன்னு கேக்கறான்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே தொடர்ந்து பேசினார். அந்த வண்டி வாங்க அவன் ஒரு வருஷம் சினிமாவுக்கே போகாமல் இருந்தது, வாங்கிய அன்றைக்கு அதில் முதலில் அப்பாவைத்தான் ஏற்றுவேன் என்று பிடிவாதம் பிடித்தது, அவர் பயந்து போய் வழிநெடுக அவன் தோளை விடாமல் பிடித்திருந்தது எல்லாவற்றையும் சொன்னார். டீ ஆறிப்போனது. 'படத்துல இல்லாதத வாயில சொல்லாதீங்க' என்று யாரும் அவருக்கு நினைவூட்டவில்லை.

பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு படம் வந்தது. நாங்கள் குறை சொல்வோம், அந்தக் குறையைப் பிடித்துக்கொண்டு அக்கா அவனிடம் போய்விடுவார். முகத்தில் நிழல் விழுந்திருக்கிறது என்றால், நாய்க்குப் பயந்து அவன் எப்போதும் சுவரோரமாகவே நடப்பான் என்பார். சாய்ந்திருக்கிறது என்றால், கோயில் நோம்பிக்குப் போன இடத்தில் ராட்டினத்தில் இருந்துகொண்டே எடுத்ததைச் சொல்வார். ஹாரன் அடித்துவிட்டுக் கீழே நிற்கும் பையனாக மட்டும் தெரிந்திருந்தவனை நாங்கள் அப்படித்தான் தெரிந்துகொண்டோம்.

எல்லோருக்கும் அது தாங்கவில்லை. செத்துப்போன பிள்ளையின் படத்தில் குறை தேடுவது, சொல்லப் போனால், ஒரு மாதிரிதான் இருந்தது. மேடம் ஒரு நாள் படியிறங்கும்போது, "என்னால முடியலைங்க. எனக்கும் அந்த வயசுல பையன் இருக்கான்" என்று சொல்லிவிட்டுப் போனவர் அப்புறம் வரவில்லை. நான் போனேன். சில வாரங்களில் பாதி வழியிலேயே திரும்பிவிடலாமா என்று பார்ப்பேன். ஆனாலும் போனேன்.

அந்த நாட்களில் அவர் வீட்டுக்காரர் ஒரு மாலை எனக்கு போன் செய்தார். அதற்குமுன் அவரோடு நான் நாலு வார்த்தை பேசியிருப்பேனா என்பது சந்தேகம்.

"தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோங்க. ஒண்ணு கேக்கணுங்க."

"சொல்லுங்கண்ணா."

"ஞாயித்துக்கெழமைன்னா மட்டும் எந்திரிச்சுத் தலை சீவறா. ஊட்டுல அவன் பேரை எடுக்க முடியிலீங்க. எடுத்தா எந்திரிச்சு அந்தப் பக்கம் போயிருவா. நானும் எடுக்கறதில்லீங்க." தறிச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திக் கேட்டார். "அங்க வந்து பையனப் பத்தி என்னங்க பேசறா?"

பக்கெட் விஷயத்தைச் சொன்னேன். வண்டியில் அவரை முதலில் ஏற்றியதைச் சொன்னேன்.

"ஆமாங்க. தோளத்தான் புடிச்சிருந்தேன்" என்றார். பிறகு, "சரிங்க, வெச்சுடறேன்" என்று வைத்துவிட்டார்.

கார்த்திகை பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா கொண்டுவந்த படத்தைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். அன்றைக்கு அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. சொல்வதற்கு எதையோ தயாராக வைத்திருப்பவர் மாதிரி இருந்தார். உறை ஒல்லியாகிவிட்டிருந்தது. படத்தை எடுத்து வைத்தார்.

மத்தியானம் கரண்ட் போன நேரம். தறிகள் எல்லாம் நின்றிருக்கின்றன. அப்பா நமக்கு முதுகு காட்டி நிற்கிறார், கையில் பாதிக் கொய்யாப்பழம். அவருக்கு எதிரில் மகன் தறிமேல் கையை ஊன்றிக்கொண்டு, பழத்தின் மறுபாதியைப் பிடித்தபடி, அவரைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுக்கிறான். கூரை இடுக்கிலிருந்து வரும் வெயில் அவன் கன்னத்தில் இருக்கிறது. நூல்தூசி அந்த வெயிலில் மிதக்கிறது. அவ்வளவுதான் படம்.

நான் தலைகீழாகப் பார்த்தேன். நேராகப் பார்த்தேன். ஓரங்களைப் பார்த்தேன். அத்தனை வருஷத்தில் அந்த மேசைக்கு வந்த படங்களில் அப்படி ஒன்று வந்ததில்லை. செந்திலண்ணனிடம் கொடுத்தேன். அவர் ஜெபராஜிடம் கொடுத்தார். அது திரும்பி மேசைக்கு வந்தது.

"சொல்லுங்க" என்றார் அக்கா.

"ஒண்ணுமில்லீங்க அக்கா."

"ஒண்ணுமில்லைன்னா?"

"இதுல குறை இல்லீங்க. நெசமாச் சொல்றேன்."

அவர் செந்திலண்ணனைப் பார்த்தார். "எனக்கும் படலீங்க" என்றார் அவர். ஜெபராஜ் அக்காவுக்கு எப்படியாவது உதவ வேண்டும் என்று நினைத்திருக்க வேண்டும். "யக்கா, அந்த ஓரத்துல..." என்று ஆரம்பித்தான்.

"ஓரத்துல என்னுங்க தம்பி?" அக்கா ஆவலாக முன்னால் குனிந்தார்.

அவன் படத்தைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். "ஒண்ணுமில்லக்கா" என்றான்.

அக்கா படத்தை எடுத்து உறைக்குள் போட்டார். "அவ்வளவுதானுங்களா" என்று கேட்டார். கேட்டுவிட்டு எழுந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, படியிறங்கிப் போய்விட்டார். அதுதான் அவர் பட்டறைக்கு வந்த கடைசி நாள்.

பாவம் பார்த்துச் சொல்லிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார் என்றுதான் நாங்கள் எல்லோரும் நம்பினோம். வாழ்நாள் முழுக்கப் பொய்ப் பாராட்டைச் சகிக்காதவருக்கு, நாங்கள் சொன்ன ஒரே மெய்யான பாராட்டு பொய்யாகப் பட்டுவிட்டதே என்று எனக்கு ஆறவில்லை. போன் செய்து, "அக்கா, சத்தியமா அது நல்ல படங்க" என்றேன். "சரிங்க தம்பி" என்றார். குரலிலிருந்து எதையும் கண்டுபிடிக்க முடியாத 'சரிங்க' அது. பேசாமல் ஒரு குறையைக் கற்பித்துச் சொல்லியிருக்கலாமோ என்றுகூட யோசித்திருக்கிறேன். என்னால் முடிந்திருக்காது. அந்தப் படத்தில் எங்கே கை வைப்பது?

நாளடைவில் கூட்டமும் நின்றுபோனது. ஜெபராஜ் கல்யாணமாகி ஊரோடு போய்விட்டான். செந்திலண்ணன் பட்டறையை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்.

போன மாதம் பல்லடம் பஸ் ஸ்டாண்டில் அக்காவைப் பார்த்தேன். கணியூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போவதற்காக நின்றிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. நான் அடையாளம் காணுமுன் அவரே, "தம்பி, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டார். என் பிள்ளைகளை விசாரித்தார். பேச்சு நின்ற ஒரு இடத்தில், மனசில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன்.

"அக்கா, அந்தக் கொய்யாப்பழப் படம். நாங்க பாவம் பாத்துச் சொன்னோம்னு நெனச்சீங்களா?"

"சேச்சே. அது நல்ல படமுங்க. எனக்குத் தெரியாதுங்களா?" என்றார். "அதுல ஒரு குறை இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும் தம்பி. அதான் என்றகிட்ட இருந்த கடைசிப் படம். அன்னிக்கு அவன் என்ன சொல்ல வாயெடுத்தான்னு சொல்லலாம்னுதான் வந்தேன். நீங்க ஒண்ணுஞ் சொல்லலீங்களா, நான் எதைப் புடிச்சுப் பேசறது? அப்படியே தொண்டையோட நின்னுபோச்சு. ஊட்டுக்குப் போயி இவருகிட்டக் காட்டினேன். கரண்ட் வந்ததும் நாலாவது தறிய நாந்தான் ஓட்டுவேன்னு சொல்ல வந்தான், நெனப்பிருக்குதுங்களான்னு கேட்டேன். இவரு இல்லவே இல்லைங்கறாரு."

அதற்குள் வீட்டுக்காரர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து சேர்ந்தார். என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நாங்கள் என்ன பேசிக்கொண்டிருந்தோம் என்பது, கடைசி வார்த்தை காதில் விழுந்ததிலேயே, அவருக்குப் புரிந்துவிட்டது.

"உப்புதானுங்க கேட்டான்" என்றார் என்னிடம். "கொய்யாப்பழத்துக்கு. எனக்கு எதுத்தாப்புல நின்னவன். எனக்குத் தெரியாதா?"

"உப்புக் கேக்கற மூஞ்சிங்களா அது?" என்றார் அக்கா. "தறியப் பத்தித்தானுங்க."

"உப்புங்க."

"தெனமும் இதே பேச்சுதானுங்க தம்பி, எங்களுக்கு" என்று அக்கா என்னிடம் சொன்னார். பஸ் வந்து நின்றது. அவர் முன்னால் ஏற, வீட்டுக்காரர் பின்னால் ஏறினார். ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகும் அவர்கள் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். அவர் ஏதோ சொல்ல, அக்கா தலையை ஆட்டி மறுத்தார்.